நாலாவது சீட்

மும்பை மின்சார ரெயிலில் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இருக்கும் பலகை மூன்று பேர் உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. ரெயில்வேயின் கணக்கிலும் மூன்று பேர்தான். ஆனால் அதில் எப்போதும் நான்கு பேர் இருப்பார்கள். நாலாவது ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வதைவிட, ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதே சரி. உடம்பில் பாதிக்குப் பலகை. மீதிப் பாதிக்குக் காற்று. ஒரு காலை நடைபாதையில் ஊன்றி, முழங்காலைத் திருப்பி வைத்துக்கொண்டு, கையை முன் பலகையின் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

இதற்கு "சௌத்தி சீட்" என்று பெயர். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத சீட். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நானே சொல்கிறேன், இதற்கு நாங்கள் டிக்கெட் கொடுப்பதில்லை!

ஆனால் டோம்பிவிலியிலிருந்து நின்றுகொண்டே வந்தவனைக் கேட்டுப் பாருங்கள். தானாவில் யாரோ ஒருவர் நிமிர்ந்து பார்த்து, இடுப்பை நாலு அங்குலம் நகர்த்தி, கண்ணால் "வா" என்கிறார். அந்த நாலு அங்குலத்தில் உட்காரும்போது வருகிற பெருமூச்சு இருக்கிறதே, மெத்தை போட்ட நாற்காலியில் உட்காருகிறவனுக்கு அது வராது.

வாசகர்களே, நிம்மதிக்கு வழி சொல்லுகிற பெரியவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. காலை 5 மணிக்கு அடுப்பு பற்ற வைத்து, 6-50 வண்டியைப் பிடிக்கிறவனுக்கு அந்த மண்டபத்துக்குப் போக நேரம் இல்லை. அவனுக்கு நிம்மதி வருவதானால் வழியிலேயே வர வேண்டும்.

வழியில் வரத்தான் செய்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அண்ணாச்சி

எங்கள் பெட்டியில் ஓர் அண்ணாச்சி உண்டு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1983-ல், அது பம்பாயாக இருந்தபோது, 19 வயதில் வந்து இறங்கினார். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் எடுபிடி வேலை. இரவில் கணக்கு எழுதப் படித்தார். பிறகு கோட்டைப் பகுதியில் கப்பல் சரக்கு கிளியரிங் செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். ஒரே நாற்காலி, ஒரே மேஜை, முப்பது ஆண்டுகள். குடியிருப்பது டோம்பிவிலியில், "சால்" என்று இங்கே சொல்கிற வரிசை வீட்டில் ஓர் அறை.

எங்கள் குழுவில் ஒரு மராட்டியர் இருக்கிறார். வங்கியில் பியூன், எல்லோருக்கும் "காக்கா". துணிக்கடைக் கணக்கர் ஒருவர் குஜராத்தி. இன்னொருவர் பாலக்காட்டுக்காரர். இவர்கள் எல்லோருக்கும் எங்கள் அண்ணாச்சி "அண்ணா". தமிழன் என்றாலே இங்கே அண்ணாதானே!

குழுவுக்கென்று சட்டம் உண்டு. டோம்பிவிலியில் உட்கார்ந்தவன் தானா தாண்டியதும் எழுந்து, நிற்பவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவன் ஒரு மாதம் நிற்க வேண்டும்; அப்புறம்தான் அவனுக்கு நாலாவது சீட். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவனை நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சிக்கு அன்றாடம் சில காரியங்கள் உண்டு. ஜன்னல் கம்பிக்கு வெளியே, பழைய எண்ணெய் டின்னில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அவர் மனைவி ஒரு தடவை மும்பைக்கு வந்திருந்தபோது ஊரிலிருந்து வேரோடு கொண்டுவந்து நட்டது. தினமும் காலையில் அதற்கு ஒரு செம்புத் தண்ணீர். ஒரு கொத்துக்கு மேல் பறிப்பதில்லை.

இரவு 9 மணிக்கு ஊருக்கு போன். அந்த அம்மாள் ஊரிலேயே இருந்தார். அண்ணாச்சியின் வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளும் அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. கோடையில் ஒரு முறை, அம்மன் கொடைக்கு ஒரு முறை இவர் போய் வருவார். ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். மற்ற நாள்களில் அந்த 9 மணி போன்தான் குடும்பம். என்ன பேசுவீர்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. என்ன கொழம்புன்னு கேப்பேன். அவ சொல்லுவா. நீங்க என்ன கொழம்புன்னு கேப்பா. நான் சொல்லுவேன். அவ்வளவுதான்."

மூன்றாவது காரியம், சனிக்கிழமை. அன்று மட்டும் அண்ணாச்சி மாலையில் வேகவண்டியில் ஏறமாட்டார். எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியில் ஏறி மாதுங்காவில் இறங்குவார்.

மாதுங்கா வாசனை

மாதுங்காவைப் பற்றி மும்பைத் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிலையத்தை விட்டு வெளியே வந்து மார்க்கெட் பக்கம் நடந்தால், வாழையிலைக் கட்டு, சின்ன வெங்காயம், முருங்கைக்காய், சேனை என்று கூடை கூடையாக வைத்திருப்பார்கள். பூக்காரர்கள் மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே பேரம் பேசுவார்கள். அதற்கு நடுவே காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனை வரும். கடை எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம், மூக்கே கூட்டிப் போய்விடும்.

அண்ணாச்சி வாங்குவது கால் கிலோ. சிக்கரி எவ்வளவு என்பதில் கறாராக இருப்பார். அரைத்த தூள் சூடாக இருக்கும். பொட்டலத்தைச் சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வண்டி ஏறுவார். அந்தப் பெட்டி முழுக்க அன்று மாதுங்கா வாசனைதான். காக்கா ஒரு தடவை சொன்னார்: "அண்ணா பக்கத்தில் நின்றால் காப்பி குடித்த மாதிரிதான், காசு மிச்சம்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு, தட்டை அழுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி வைத்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தட்டினால் டிகாஷன் கலங்கிவிடும். வாரம் முழுவதும் ஓடுகிற மனிதன் எதற்கும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிற கால்மணி நேரம் அது ஒன்றுதான் என்று அண்ணாச்சி சொல்லுவார்.

இப்படி ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதிகாலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்கிற நம்மவர் ஒருவரை சயான் பக்கம் பார்த்துப் பேசினேன். உங்களுக்கு எது சந்தோஷம் என்று கேட்டேன். பதினோரு மணிக்குப் பாத்திரம் காலியாகி, சைக்கிள் லேசாகிவிடுமே, அப்போது மிதிக்கிற முதல் மிதி என்றார். தாராவியில் ஓர் அம்மாள் வீட்டு வாசல் என்பதே சாக்கடைக்கும் படிக்கும் நடுவே ஒரு சாண் அகலம். அதற்குள் நாலு புள்ளிக் கோலம் தினமும் போடுகிறார். அரை மணி நேரத்தில் மிதித்து அழித்துவிடுவார்கள். "அதுக்கென்னய்யா, நாளைக்கும் மாவு இருக்கு" என்றார்.

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ரெயில்வேயில் பணியில் இருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தது. படிப்பு பத்தாம் வகுப்புதான். ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். நாமே கேட்டு வாங்குகிற மாற்றலில் இத்தனை ஆண்டு சீனியாரிட்டியை விட்டுவிட்டு அங்கே கடைசி ஆளாகச் சேர வேண்டும். அப்படியும் கேட்டிருக்கிறேன். என் தாயார் தனியாக இருக்கிறார். ஷிப்ட் முடிந்து கணக்கு ஒப்படைத்து, கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்று கையெழுத்துப் போட்டபின், கவுண்டரின் ஜன்னல் பலகையை இழுத்து மூடும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். அதுதான் எனக்கு. சிரிக்காதீர்கள், காசு கையாளுகிற குமாஸ்தாக்களுக்கு இது புரியும்.

வண்டி நின்றது

2020 மார்ச் 22. அன்று நள்ளிரவோடு மும்பையின் புறநகர் ரெயில்கள் நின்றன.

1853 ஏப்ரல் 16-ந்தேதி போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரெயில் ஓடிய ஊர் இது. 2005 ஜூலை 26-ந்தேதி வெள்ளத்தில் தண்டவாளமே தெரியாமல் போனது. அப்போதுகூடச் சில நாளில் வண்டி ஓடியது. இந்தத் தடவை நாள்கள் வாரங்களாகி, வாரங்கள் மாதங்களாயின. ஏப்ரல் 1-ந்தேதி தாராவியில் முதல் நோயாளி என்று செய்தி வந்தது. முறை வைத்து எங்களில் சிலரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆளில்லாத பிளாட்பாரத்தில் புறாக்கள் நடந்துகொண்டிருந்தன. நிலையத்தில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது அதுதான் முதல் தடவை.

மே மாதம் இரண்டாவது வாரம். ஒரு நாள் காலை 6 மணிக்கு அண்ணாச்சியின் போன் வந்தது. அவர் 9 மணிக்கு ஊருக்குத்தான் போன் பண்ணுவார். எனக்குக் காலையில் பண்ணியதில்லை. எடுக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது.

அந்த அம்மாள் இரவில் மாரடைப்பால் இறந்துவிட்டார். முந்தின இரவு 9 மணிக்குப் பேசியிருக்கிறார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பாம்.

போக வழி இல்லை. பயணிகள் ரெயில் இல்லை. விமானம் இல்லை, உள்நாட்டு விமானங்கள் மே 25-ந்தேதிதான் மறுபடி பறந்தன. காரில் போவதென்றால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மகள் போனில் காட்ட, ஒற்றை அறைக்குள் உட்கார்ந்து பார்த்தார். நடுவில் இரண்டு தடவை படம் நின்றுபோயிற்று என்று பிறகு சொன்னார். மூன்றாவது தடவை வந்தபோது எல்லோரும் திரும்பி நடந்துகொண்டிருந்தார்களாம்.

அதற்குப் பிறகு அவர் காப்பி போடுவதை விட்டுவிட்டார். 9 மணிக்கு போனைக் கையில் எடுத்து, வைத்துவிடுவார். கறிவேப்பிலைச் செடிக்கும் தண்ணீர் விடவில்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடம் இல்லாததால் பொழுது போகாமல், தன் வீட்டுச் செடிகளுக்கு ஊற்றும்போது இதற்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதனால் அது பிழைத்தது.

மகளும் மருமகனும் "ஊரோடு வந்துவிடுங்கள்" என்று கூப்பிட்டார்கள். ரெயில் விட்டதும் ஒரு முறை போய் வந்தார். ஆனால் தங்கவில்லை. "அந்த வீட்ல ஒவ்வொரு பாத்திரமும் என்னையப் பாக்கு தம்பி" என்றார். மும்பையிலும் அவருக்கு ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் பாதிச் சம்பளம். அதுவும் வீட்டிலிருந்து வேலை.

ஒரு மாதம் போதும்

2020 ஜூன் 15-ந்தேதி முதல் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் வண்டி ஓடியது. 2021 பிப்ரவரி 1-ந்தேதி பொதுமக்களையும் சில நேரங்களில் மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். இரண்டாவது அலை வந்து அதுவும் போயிற்று. கடைசியில் 2021 ஆகஸ்ட் 15-ந்தேதி முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆனவர்களுக்கு சீசன் பாஸ் கொடுக்க உத்தரவு வந்தது. அந்த வாரம் எங்கள் கவுண்டரில் நின்ற வரிசையை நான் மறக்கமாட்டேன். ஊசிச் சான்றிதழைத் தேர்வு மார்க் ஷீட் மாதிரி மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வரிசையில் அண்ணாச்சியும் இருந்தார். இளைத்திருந்தார். மறுபடி அலுவலகம் வரச் சொல்லிவிட்டார்களாம்.

"மூணு மாசத்துக்குப் போடட்டுமா அண்ணாச்சி?" என்று வழக்கம்போல் கேட்டேன். எப்போதும் மூன்று மாத பாஸ்தான் அவர் வாங்குவார். மூன்று மாத பாஸின் விலை மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்குதான். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணுகிற கணக்கருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு மாசத்துக்குப் போடு தம்பி. பிறகு பாத்துக்கிடலாம்."

செப்டம்பரில் வந்தார். ஒரு மாதம். அக்டோபரில் வந்தார். ஒரு மாதம். "நஷ்டம்தானே அண்ணாச்சி?" என்றேன். அவர் கவுண்டர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னையே பார்த்தார். "மூணு மாசம் கழிச்சு யாரு இருக்கா, யாரு இல்லைன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார். பின்னால் நின்றவர் கத்தினார். ஒரு மாத பாஸை அச்சடித்துக் கொடுத்தேன். எனக்கு அன்று கல்லாவில் இருபது ரூபாய் உதைத்தது, கைப்பணம் போட்டேன்.

வண்டியில் பழைய குழுவில் பாதிப்பேர் இல்லை. குஜராத்திக் கணக்கர் ஊரோடு போய்விட்டார். ஆனால் காக்கா இருந்தார். அண்ணாச்சி ஏறிய முதல் நாள், கூட்டத்தில் தள்ளி நின்றவரைப் பார்த்து, பலகையில் இருந்த மூன்று பேரிடமும் "ஜரா சர்கா, ஜரா சர்கா" என்று சொல்லி நகர வைத்தார். "அண்ணா, பஸா" என்றார். அண்ணாச்சி உட்கார்ந்தார். துக்கம் எதையும் காக்கா விசாரிக்கவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு சப்பாத்தியைப் பிய்த்து நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கிச் சாப்பிட்டார். பைக்குளா வரும்வரை யாரும் பேசவில்லை என்று பாலக்காட்டுக்காரர் எனக்குச் சொன்னார்.

தசராவுக்கு முந்தைய நாள், மும்பை ரெயில்களில் பயணிகளே பெட்டியை அலங்கரித்துப் பூஜை போடுவது வழக்கம். நம் ஆயுதபூஜைதான், நம்மைத் தினமும் சுமக்கிற கருவிக்கு ஒரு மாலை. அந்த ஆண்டு எளிமையாகச் செய்தார்கள். மாவிலைத் தோரணம் கட்டக் கயிறு பிடிக்க ஆள் தேடினார்கள். அண்ணாச்சி உயரமானவர். கூப்பிட்டதும் எழுந்து, கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று கட்டினார்.

இதனால்தான் அவர் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். நிருபர்களுக்கு அப்படி எழுத ஆசை வரும். நவம்பரிலும் அவர் ஒரு மாத பாஸ்தான் வாங்கினார். டிசம்பரிலும், ஜனவரியிலும் அப்படியே.

2022 பிப்ரவரி. ஒரு சனிக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட் இல்லை. "மாதுங்கா வாரியா தம்பி?" என்று கேட்டார். நானும் போனேன். காப்பிக்கடை வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே போய் கால் கிலோ சொன்னார். சிக்கரியில் பழைய கறார். வெளியே வந்து பூக்காரரிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, "படத்துக்கு" என்றார். மறுபடி நாலு எட்டு நடந்து, "செடி துளுத்திருக்கு, பாத்தியா? அந்தப் பிள்ளை தண்ணி ஊத்தியிருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பிள்ளைக்கு என்ன வாங்கலாம்?" என்றார். பிள்ளைக்குக் கடலைமிட்டாய் வாங்கினோம்.

அடுத்த வாரம் அவருடைய பாஸ் முடிகிற நாள் எனக்குத் தெரியும். கவுண்டரில் இருந்தேன். வரிசையில் பதினைந்தாவது ஆளாக நின்றிருந்தார். அவர் வந்து பணத்தை உள்ளே தள்ளினார். நான் கேட்காமலே ஒரு மாதத்துக்கு விசையைத் தட்டப் போனேன்.

"ஏ, இரு இரு. பணத்தை எண்ணிப் பாரு."

எண்ணினேன். மூன்று மாதத்துக்கு இருந்தது.

பாஸை அச்சடித்து, மீதிச் சில்லறையோடு தள்ளினேன். அவர் ஓரமாக நகர்ந்து நின்று, சில்லறையைச் சரிபார்த்து, பாஸை பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டிருந்தார். அடுத்தவர் ஜன்னலுக்குள் கையை நீட்டி, "தாதர் ஏக் ரிட்டர்ன்" என்றார்.